மிச்சமிருந்த பெயர்

அலுவலக சர்வரில் தேவையற்றவர்களின் நிர்வாகி உரிமையைப் பிடுங்கிக்கொண்டே வந்த தணிகாசலம், அதே வேகத்தில் தன்னுடையதையும் பிடுங்கிவிட்டார். இனி இன்னொரு நிர்வாகிதான் திருப்பித் தர முடியும். திரையில் மிச்சமிருந்த ஒரே பெயர் ரெஜினா. நம்பிச் சாவி கொடுக்க முடியாதவள் என்று அவரே புகார் எழுதி வேலையைவிட்டு அனுப்பியவள். அன்றே அவள் பெயரை நீக்க மறந்திருந்தார். வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

“அந்த சர்வர் மெயிலெல்லாம் எனக்கு இன்னும் வந்துட்டுதான் இருக்கு சார். ஆனா உள்ள போனதில்ல. இருங்க, இப்ப போறேன்.”

உரிமை திரும்பி வந்தது.

“இனி என்னை எடுத்துருங்க சார். அப்படியே விடறது பாதுகாப்பில்ல.”

அவள் பெயருக்கு நேராக அவர் விரல் கூசி நின்றது.

“எடுத்துட்டீங்களா சார்?”