அப்பாவின் பதில் வரும் வரை

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலி படுத்தாமல் இருக்கிறதா?

பாளையங்கோட்டையில் வடிவுக்கு இருப்பே கொள்ளவில்லை. பக்கவாதத்தில் கிடந்த அவள் அப்பா சங்கரபாண்டியைக் கட்டிலருகே அரசாங்கம் அனுப்பிய ஒரு பேசும் பெட்டி கேள்வி கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் நினைவில்லாதவர் என்று காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"என்ன சாப்பிட்டீர்கள்?" பெட்டி ஐந்து நொடி பார்த்தது. "பதில் இல்லை. வெளியே மழையா, வெயிலா?"

"இட்லி," என்றார் அப்பா.

"தவறு. இது எந்த ஊர்?"

"வெயிலு."

வடிவு துள்ளி எழுந்தாள். மென்பொருளைச் சோதிக்கும் நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. திரையில் பக்கம் வந்து சேருமுன்பே பிழை என்று கத்தும் சோதனைகளைத் தினமும் திருத்துகிறவள்.

"நிறுத்து. அவரு போன கேள்விக்குப் பதில் சொல்லிட்டிருக்காரு. கடிகாரத்தப் பாக்காத, அவரு ஒதட்டப் பாரு. பேசி முடிச்ச பொறவு சொல்லு, சரியா தப்பான்னு."

சோதனை விதிப்படி குடும்பத்தார் ஒருமுறை ஆட்சேபிக்கலாம். பெட்டி ஏற்றுக்கொண்டது. "அதிகபட்சம் எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கோ."

"பக்கத்தில் நிற்பது யார்?"

அப்பாவின் உதடு துடித்தது, அடங்கியது. வடிவு துப்பட்டா நுனியை முறுக்கினாள், பிரித்தாள், சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள்.

"பாளையங்கோட்ட," என்றார் அப்பா.

"அது முந்தின கேள்விக்கு," என்று வடிவு பதறினாள். "இன்னும் பொறு."

பெட்டி பொறுத்தது. வெயில் கட்டில் காலைத் தாண்டிப் போனது.

"எம்மவ," என்றார் அப்பா. "நிக்க மாட்டா ஒரு எடத்துல. பொறுமையே கெடையாது."

"சரியான பதில்," என்றது பெட்டி.

உங்கள் வீட்டுப் பெட்டி யாரை அவசரப்படுத்தியது? எழுதுங்கள், நிதானமாகவே.