சிவக்காத விளக்கு

பாளையங்கோட்டையில் மூன்று நிமிட பிளிட்ஸ் சதுரங்கத்தின் கடைசிச் சுற்று. ஜெசிந்தாவின் கடிகாரத்தில் சில விநாடிகளே மிச்சமிருந்தபோது அந்த நகர்த்தல் கண்ணில் பட்டது. தன் ராஜாவைச் சும்மா ஒரு கட்டம் ஓரமாக ஒதுக்கினால் போதும். எதிரே இருந்த கோமதிநாயகம் அண்ணாச்சிக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

அவள் பார்வை மேஜையோரத்துக் கண்காணிப்பு விளக்கின் மேல் போனது; ஆடுவதையும் பேசுவதையும் கவனித்துக்கொண்டே இருக்கும் விளக்கு. மனித மூளைக்கு இவ்வளவு வேகமாக எட்டாத நகர்த்தல் என்று அதற்குப் பட்டால் சிவந்துவிடும். சிவந்தால் கம்ப்யூட்டரை வைத்து ஏமாற்றியதாக அர்த்தம், ஆயுளுக்கும் தடை. போன வருடம் அவள் தங்கைக்குச் சிவந்தது. "நானாத்தான் கண்டுபிடிச்சேன்" என்று அரங்கமே பார்க்க அழுதாள். எல்லோரும் விளக்கைத்தான் நம்பினார்கள்.

ஜெசிந்தாவின் விரல் ராஜாவின் தலைக்கு மேல் வரை போய், தொடாமலே குதிரைக்குத் தாவியது. சுமாரான நகர்த்தல். ஆட்டம் டிராவில் முடிந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

கைகுலுக்கிய பிறகு, ஆட்டத்தை அலசிப் பார்க்க அண்ணாச்சி வழக்கம்போலக் காய்களை, அவள் குதிரையை நகர்த்தும் முன் இருந்தபடி அடுக்கினார். கொஞ்சமும் யோசிக்காமல் அவளுடைய ராஜாவை ஒரு கட்டம் ஓரமாக நகர்த்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்படியானால் அவரும் ஆட்டத்தின் நடுவிலேயே அதைப் பார்த்திருக்கிறார்.

"இது எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி," என்றாள் அவசரமாக.

அவர் ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்தார். ராஜாவை எடுத்துப் பழைய கட்டத்திலேயே திருப்பி வைத்தார்.

"எனக்கும் இப்பம்தாம்மா தோணிச்சு," என்றார், விளக்குக்குக் கேட்கும்படி சத்தமாக.