அணையாத உள் விளக்கு

"மாஸ்டர், மறுபடியும் லைட்டு அணைய மாட்டேங்குது. உங்க வேலை ஒரு வாரம்கூடத் தாங்கலையே."

ஒபிரியின் பட்டறை முன்னால் டாக்ஸியை நிறுத்திவிட்டு நிமோ இறங்கினான். கதவெல்லாம் சாத்தியிருந்தும் கூரை விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"நேத்தே வந்தேன். ஆறு மணிக்கெல்லாம் கடையை மூடிட்டு எங்க மாஸ்டர் ஓடுறீங்க?"

ஒபிரி நிமோவின் இஸ்திரி போட்ட சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குமாசி நகரத்தில் டாக்ஸிக்கா பஞ்சம்? ஆனால் ஒபிரியின் மனைவி செர்வா, மார்க்கெட்டில் பயறு போட்டு வேகவைத்த வாச்சே சோறு விற்று முடித்துவிட்டு, தினமும் இந்தப் பயலின் வண்டியில்தான் வீடு திரும்புகிறாள். கூட ஏறுகிறவர்கள் வழியில் இறங்கிவிடுவார்கள். கடைசியில் இறங்குகிறவள் அவள்தான். 

"சுவிட்சைத் தட்டி அணைக்க வேண்டியதுதானே?"

"அது உடைஞ்சு வருஷமாச்சு. கதவைச் சாத்தினா அணையணும், அணையல. ராத்திரி கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது, ரோடு தெரியல."

"உன் மூஞ்சி மட்டும்தானா? பின்னால இருக்கிறவங்க மூஞ்சியும் நல்லாத் தெரியுமே."

நிமோ சிரித்தான். "கடைசி வரைக்கும் பின்னால இருக்கிறது செர்வா அக்கா ஒருத்திதான். லைட்டுக்கு வேற யார்கிட்டயும் போகாத, எங்க வீட்டுக்காரர்கிட்டயே போன்னு அவங்கதான் சொன்னாங்க."

அக்காவாம், அக்கா.

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவாளோ?"

"பேசுவாங்க. எல்லாம் உங்களைப் பத்தித்தான்."

பொய் வேறு சொல்கிறான் என்று ஒபிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின் விளக்குகளைப் பார்த்தான். இண்டிகேட்டரைப் போடச் சொன்னான். வெளியே ஒரு குறையும் இல்லை. பிறகு கதவு சுவிட்சுகளின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். மூன்று கதவிலும் கோளாறு இல்லை.

பின்பக்க வலது கதவின் சுவிட்சில் ஒயரே இல்லை.

முதல் இரண்டு தடவையும் அதே ஒயர்தான். தானாகக் கழன்று வண்டியின் இரும்பு பாடியில் உரசுவதால்தான் விளக்கு அணையவில்லை என்று நினைத்து, திரும்ப மாட்டி அனுப்பிவிட்டான். இந்தத் தடவை அது சீட் பெல்ட் போல்ட்டில் இறுகக் கட்டிக் கிடந்தது. கட்டியிருந்தது ஊதா நூல். பெண்கள் தலைமுடியைச் சுற்றிக் கட்டும் நூல்.

ஒபிரி குனிந்து உற்றுப் பார்த்தான். நூலைவிட அந்த முடிச்சு அவனை உறுத்தியது. டேப் சுற்றுவதற்கு முன் நூலால் அப்படி இரட்டை முடிச்சுப் போடுகிறவன் இந்தப் பேட்டையிலேயே அவன் ஒருவன்தான். அதை அவனிடம் கற்றுக்கொண்டவளும் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் பட்டறையில் கூட நின்று ஒயர் பிடித்துக் கொடுத்தவள்.

"என்ன மாஸ்டர், கோளாறு கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றான் ஒபிரி. நூலை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒயரை மாட்டினான். விளக்கு அணைந்தது.

அன்று இருட்டிய பிறகு செர்வா டாக்ஸியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது, அவளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒபிரியும் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்திருந்தான். நூலை எடுத்து மேசைமேல் எறிந்தான்.

"இது யாரோட நூல்?"

"என்னோடதுதான்."

"வெட்கமே இல்லாம சொல்ற. எதுக்குடி இந்த வேலை? அவன் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டு வரவா? உள்ளதைச் சொல்லு. இல்லன்னா இன்னைக்கே உங்க அண்ணனைக் கூப்பிட்டு அனுப்புறேன்."

செர்வா தலையிலிருந்த வெறும் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா தினமும் தெருமுனை சிமெண்ட் கடைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு, அந்த டாக்ஸிக்குள்ள எட்டி எட்டிப் பாக்குறியே. இருட்டுல கண்ணைக் கெடுத்துக்காம, நான் பின் சீட்டுல தனியா உக்காந்து வர்றது உனக்கு நல்லாத் தெரியட்டும்னுதான்."