மோப்பம் சார்

"இந்தப் புரோகிராம் மனுஷன் எழுதினதே இல்லை மேடம். எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்!"

மீட்டிங் ரூமில் மேனேஜர், நான், எதிரே அந்தப் புதுப் பெண். ஆறு மாதப் புரொபேஷன் அன்றோடு முடிகிறது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் ஆபீசில் ஏஐ எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமைக் கொண்டுவந்து, தான் எழுதியதாகக் காட்டக் கூடாது. அதைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. 'மோப்பம் சார்' என்று பட்டப்பெயரே உண்டு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் எனக்குப் பெருமைதான்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"புரோகிராமுக்கு நடுவுல இவங்க எழுதியிருக்கிற குறிப்பைப் படிங்க. 'இந்த இடத்துல குழம்பினா கவலைப்படாதீங்க. முதல் தடவை எல்லாருமே குழம்புவாங்க. மெதுவா இன்னொரு தரம் படிங்க.' எந்த டெவலப்பருக்கு மேடம் இவ்வளவு பொறுமை? என்கிட்ட ஒருத்தன் சந்தேகம் கேட்டா, 'தேடிப் பார்'னு ரெண்டே வார்த்தை. மனுஷன்னா அப்படித்தான். இப்படித் தேன் ஒழுகப் பேசுறது மெஷின்!"

மேனேஜர் அவளைப் பார்த்தார். "சொல்லும்மா."

"புரோகிராம் மொத்தமும் நான் எழுதினது மேடம். அந்தக் குறிப்பு மட்டும் ஒருத்தர் எனக்குச் சொன்னது. குழந்தை பிறந்து வேலையை விட்டப்போ, வீட்டுல இருந்தே படிச்சேன். இன்டர்நெட்ல சந்தேகம் கேட்கிற ஒரு ஃபோரம்ல கேள்வி போட்டேன். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. அழுகையே வந்துடுச்சு. அவர் ஒருத்தர்தான் வரி வரியா விளக்கினார். எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் உதவட்டுமேன்னு இங்கே போட்டேன்."

"யாரு அந்தப் புண்ணியவான்?" என்றேன் நக்கலாக.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம் சார்."

"பாத்தீங்களா மேடம்? அப்படி ஒரு ஆளே கிடையாது. என்கிட்டயே காது குத்துறாங்க!"

"காட்டிடும்மா. உன் வேலை விஷயம்" என்றார் மேனேஜர்.

அவள் லேப்டாப்பில் எதையோ தேடி எடுத்து, மேனேஜர் பக்கம் மட்டும் திருப்பினாள்.

மேனேஜர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வேலை நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மேடம் இது! அப்படி யாருதான் எழுதினாங்க?"

"நீங்களே பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பக்கம். 'முட்டாள்தனமான கேள்வி, மன்னிச்சுடுங்க' என்று ஆரம்பித்திருந்தாள். கீழே முப்பது வரியில் ஒரு பதில். அந்தக் 'கவலைப்படாதீங்க'வும் அதில் இருந்தது.

பக்கத்தில் பதில் எழுதியவரின் சின்னப் போட்டோ. தலை நிறைய முடியோடு, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.