மிதிக்க ஓர் ஆள்

பழைய ஜெர்மன் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஆயில் ஓடும் குழாய்க்குள் காற்று ஏறியிருக்கிறது என்று தயாபரன் கண்டுபிடித்துவிட்டார். அதை வெளியேற்றத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் காற்றை விடும் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது எப்போதும் மனைவி மெர்சிதான். “இந்த ஜெர்மன்காரனுக்கு நாந்தான் கெடச்சேனா” என்று முனகிக்கொண்டே மிதிப்பாள். அவளைப் புதைத்தபின் வந்த முதல் ரிப்பேர் இது. பெடலுக்கு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். குழவி நன்றாகத்தான் மிதித்தது. விடு என்றால் விடவில்லை.

கடைசியில், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பிச்சையாவைக் கெஞ்சி உள்ளே உட்காரவைத்தார்.

“மிதிங்க.”

“மிதிச்சாச்சு.”

“விடுங்க.”

“விட்டாச்சு.”

மெர்சியும் இப்படித்தான் சொல்வாள். திருகில் மாட்டிய டியூபில் குமிழ்கள் வந்தன, குறைந்தன, நின்றுபோயின. வெறும் ஆயில் தெளிவாகச் சொட்டியது.

“சார், பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சே. போதுமா?” என்றது மேலிருந்து குரல்.

தயாபரன் காருக்கு அடியில் கண்களை மூடிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு. மிதிங்க.”