உளுந்தம் பொட்டு

"டீசலைத் திருடி விக்கிறான். வேற என்னவா இருக்கும்?"

டிரைவர் வெள்ளத்துரையை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, பாளையம்பட்டி மெக்கானிக் மொக்கையனின் காதைக் கடித்தார் பொன்ராஜ்.

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை அவருக்கு. கடைக்கென்று ஒரே ஒரு லாரி. வாங்கும்போதே பழசுதான், ஆனாலும் போன மாதம் வரை குறை சொல்ல முடியாமல் ஓடிய வண்டி. இப்போது மேடு என்றால் முக்குகிறது. டீசலோ தண்ணீராய்ச் செலவாகிறது. அதுவும் டீசல் விலை எகிறிக் கிடக்கும் இந்த வருஷத்தில்!

"திருடுனா டாங்குதான அண்ணாச்சி குறையும்? இழுவை எதுக்குக் குறையுது?" என்றான் மொக்கையன்.

"வித்த டீசலுக்கு மண்ணெண்ணெயை ஊத்திச் சரிக்கட்டியிருப்பான். நீ பாரு. கையும் களவுமாப் பிடிச்சா இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருதேன்."

மொக்கையன் டாங்கிலிருந்து கொஞ்சம் டீசலை இறக்கி, விரலில் தேய்த்து மோந்து பார்த்தான். மண்ணெண்ணெய் வாசனையே இல்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். தடையில்லாமல் சுற்றியது; பிரேக் எங்கும் உரசவில்லை. பிறகு இன்ஜினை முடுக்கிவிட்டுப் பின்னால் போய் நின்றான். கன்னங்கரேலென்று புகை வந்தது.

"வண்டிக்கு மூச்சு முட்டுது அண்ணாச்சி. காத்துப் போகல. அதான் டீசலு எரியாம புகையாப் போகுது."

ஏர் கிளீனரைக் கழற்றினான். அடியில் இருக்கவேண்டிய எண்ணெயைக் காணோம். களி கிண்டி வைத்த மாதிரி கறுப்பாய் ஒரு சேறு. பிசைந்து பார்த்தால் அத்தனையும் உளுந்தம் பொட்டு, செடியை மிதிக்கும்போது பறக்கிற தோலும் தூசும். ரேடியேட்டர் கண்ணெல்லாம் அதே பொட்டு அடைத்துக் கிடந்தது.

பொன்ராஜுக்கு இது புதுசில்லை. தை பிறந்துவிட்டால் திருச்சுழி ரோட்டில் தாரே கண்ணுக்குத் தெரியாது. பறித்த உளுந்தஞ்செடியை ஜனங்கள் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஓசியில் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும்.

"ரோட்டுல ஏறிப் போனதுல சேந்திருக்கும்."

"ஏறிப் போனா ஒரு கைப்பிடி சேரும் அண்ணாச்சி. இது களத்துலயே குடியிருந்திருக்கு. முன்னயும் பின்னயும் ஓட்டிப் போரடிச்சிருக்காக."

பொன்ராஜுக்கு விளங்கிவிட்டது. திருட்டுதான், வேறு தினுசு. அவர் லாரியில், அவர் டீசலில், கூலிக்குப் போரடித்துச் சம்பாதிக்கிறான்!

வெள்ளத்துரை டீ குடித்துத் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் கழுவிப் பூட்டச் சொன்னார். மறுநாள் லாரி திருச்சுழிப் பக்கம் வத்தல் ஏற்றக் கிளம்பிய பிறகு, திருச்சுழி பஸ்ஸில் ஏறினார். என்னென்ன சொல்லி வையலாம் என்று போகிற வழியெல்லாம் ஒத்திகை. அவர் முறைப்பைப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர், தன்னைத்தான் வைகிறார் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

கணக்கு தப்பவில்லை. திருச்சுழிக்கு முன்னால், ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில், ரோட்டோரக் களத்தில், அவருடைய லாரி உளுந்தஞ்செடி மேல் ஏறி முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடியும் முன்னால் போனது.

பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். அவரைப் பார்த்ததும் வெள்ளத்துரை இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏலே, எவ்வளவு கூலி வாங்குற?"

அவன் பதில் சொல்லும் முன்பே, செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து கும்பிட்டாள்.

"மொதலாளி! நீங்க நல்லா இருக்கணும் ஐயா. என்னைத் தெரியுதா? பொன்னுத்தாய். மத்தவுக பாதியத்தான் ரோட்டுல விடுவாக, மிச்சத்தக் களத்துல மாடு கட்டி அடிச்சிருவாக. எனக்கு மாடு ஏது? போன வருசப் பஞ்சத்துல காளை ரெண்டையும் உங்க லாரியிலதான சந்தைக்கு ஏத்திவிட்டேன்."

பொன்ராஜுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்ற காளைகளைத் தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டு, பின் பலகையைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நடந்தே வந்தாள் இவள். முன் சீட்டில் இருந்த அவர் வெள்ளத்துரையிடம் அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "திரும்பி வந்ததும் சாணியைச் சுத்தமாக் கழுவி விட்ரு." இப்போது அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மாட்டக் கொண்டுபோன வண்டியே மாட்டு வேலையும் பாக்கட்டும்னு நீங்க சொல்லி அனுப்புனீகளாமே! வெள்ளத்துரை அண்ணன் சொல்லுச்சு. கூலின்னு கொஞ்சம் உளுந்து கொடுத்தாக்கூட வாங்க மாட்டேங்குது. மொதலாளி வைவாகளாம்!"

வெள்ளத்துரை தலை நிமிரவில்லை. வேலை போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒப்படைப்பதற்காக வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

பொன்ராஜ் அந்தச் சாவியைப் பார்த்தார். பொன்னுத்தாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா தாயி, நான்தான் சொல்லி அனுப்புனேன்" என்றவர், வெள்ளத்துரை பக்கம் திரும்பிக் கண்ணை உருட்டினார்.

"ஏலே, தெனமும் ஏர் கிளீனரைக் கழுவிருன்னும் சேத்துத்தான சொல்லி அனுப்புனேன்? அத மட்டும் ஏன்லே மறந்த?"