காரநெடி

நெடி வரவில்லை.

அவள் சோதனைக்குழாயை மறுபடியும் சுடரில் காட்டினாள். உள்ளே உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசல் கொதித்தது. மூக்கருகே கொண்டுவந்து, கையால் விசிறி, நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

ஒன்றுமே இல்லை. வெறும் வெந்நீர் ஆவி.

சுற்றிலும் இருபது பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 'காரநெடியுடைய வாயு வெளிவருகிறது.' எல்லாத் தாளிலும் அதே வரி. அம்மோனியா வாயு. உண்மையிலேயே வந்திருந்தால் இந்நேரம் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பார்கள்.

அறையில் தேங்காயெண்ணெய் வாசம்தான் இருந்தது.

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. கொடுத்த வெள்ளைப் பொடி என்ன உப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? காலையிலேயே டெய்சி மிஸ் மேசைகளுக்கு நடுவே ஒரு நடை நடந்து, ஒவ்வொரு காதிலும் விடையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மோனியம் குளோரைடு. வருடா வருடம் நடப்பதுதான். அந்தப் பள்ளியில் யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை.

பாடத்திட்டத்தில் வாரம் ஒரு செய்முறை வகுப்பு உண்டு. அந்த நேரத்தில் கணக்கு டெஸ்ட் நடக்கும். ஆய்வகத்தின் பூட்டைத் திறந்ததே இந்த மாதம்தான்.

திறந்த அன்றே அவளுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. இரண்டு வருடமாகப் படத்தில் மட்டும் வரைந்த நீலச் சுடர் கண்ணெதிரே நின்று எரிந்தது. அதனால்தான் விடை தெரிந்திருந்தும் இன்று சூடாக்கிப் பார்த்தாள். அந்த நெடி எப்படித்தான் இருக்கும் என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ள ஆசை.

ஆசை இப்போது வம்பாகிவிட்டது.

'நெடி எதுவும் இல்லை. அம்மோனியம் இல்லை' என்று எழுதினாள்.

எழுதிய பிறகுதான் பயம் வந்தது. இந்த மதிப்பெண் போனால் கட்-ஆஃப் இறங்கும். இறங்கினால் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால், அப்பா பேசி வைத்திருக்கும் நூல் மில்லின் வேன் ஜூன் மாதம் வாசலில் வந்து நிற்கும். அக்கா அந்த வேனில் ஏறிப் போனவள்தான்.

டெய்சி மிஸ் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, என்னத்த எழுதி வச்சிருக்க? அடிச்சிட்டு மாத்தி எழுது."

அவள் அடிக்கவில்லை.

மிஸ் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பவர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இருபது மூக்குகள் இருக்கிற அறையில் இன்னும் ஒன்றையாவது பயன்படுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று ஆத்திரமாக வந்தது.

வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொரு மேசையாகத் திருத்திக்கொண்டு வந்தார். அவள் தாளைப் பார்த்தார். கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். சிவப்புப் பேனா இறங்கியது.

"மோந்து பாருங்க சார்."

குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள். கீழே இறக்கவில்லை.

டெய்சி மிஸ் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

தேர்வாளர் குழாயை வாங்கினார். தானே சுடரில் காட்டினார். முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை முகர்ந்தார்.

அறையில் ஒரு பேனாவும் ஓடவில்லை.

அவர் குனிந்து, அவளுக்கும் மிஸ்ஸுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீ சொல்றது சரிதாம்மா. டப்பா மாறியிருக்கும். ஆனா இப்ப அதக் கெளப்புனா இத்தன பேர் தாளும் தப்பாயிரும், ஏகப்பட்ட பிரச்சன வரும். அந்த வரிய மட்டும் அடிச்சிரு. முழு மார்க் போட்டுடறேன்."

அன்பாகத்தான் சொன்னார்.

ஒரே ஒரு கோடு. அதை இழுத்துவிட்டால் அந்த வேன் வேறு யார் வீட்டுக்காவது போய்விடும்.

அவள் பேனாவை எடுத்தாள். டெய்சி மிஸ் பெருமூச்சு விட்டார்.

அவசரமில்லாமல், அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'தேர்வாளரும் முகர்ந்து பார்த்தார். அவருக்கும் வரவில்லை.'

ஒவ்வொரு தாளின் அடியிலும் தேர்வாளர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அவள் தாளைத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.